வாங்க வருபவரின் வலது

4 செப்டம்பர் 1972, சைகோன்

இன்று கல்லூரியில் நடந்த மாதிரித் தேர்வில் என் மகள் நஸீம் பானு நல்ல பல்லைப் பிடுங்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டாள். சொத்தை கீழ்வலது ஆறாம் பல்லில். புதிதாக வந்திருக்கும் எண்முறையில் அது 46. இவள் எழுதியது 36. அதே பல், இடது பக்கம். "உண்மையான ஆளாக இருந்திருந்தால்?" என்று மட்டும் கேட்டாராம் பேராசிரியர்.

பல் மருத்துவ மேற்படிப்புக்கு நுழைவுத் தேர்வு அடுத்த மாதம். கான் ஹொய் துறைமுகத்தில் கிடங்கு வைத்திருக்கும் ஹாஜி முகம்மதுவிடம் நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்: இந்த ஒரு தடவைதான் எழுதுவாள், தேறாவிட்டால் பெருநாள் முடிந்ததும் காரைக்கால் போய் அங்கிருக்கும் அவர் மகனோடு நிக்காஹ், படிப்பு அத்தோடு சரி. வாக்கு வாக்குதான். ஆனால் சோற்றைத் தொடாமல் எழுந்து போகிறாளே — என்ன செய்ய?

6 செப்டம்பர்

பாடமெல்லாம் தலைகீழாக ஒப்பிக்கிறாள். பக்கம் மட்டும் ஏன் மாறுகிறது? இன்று என் துணிக்கடையில் பிடிபட்டது. கல்லாவிலிருந்து நான் "வலது, மூணாம் தட்டு" என்று சத்தம் போட்டால் அது என் வலது. எதிரே நிற்கிறவர்தான் மனதுக்குள் திருப்பிக்கொள்ள வேண்டும். கடைச் சட்டம். இவள் எழுத்துக் கூட்டிப் படித்ததே அந்தக் கல்லாவுக்குப் பக்கத்தில். பல் மருத்துவத்திலோ வலது என்றால் நோயாளியின் வலதாம், மருத்துவர் எங்கே நின்றாலும்.

நியாயம்தான். வாய் அவருடையது.

7 செப்டம்பர்

சட்டத்தை மாற்றிவிட்டேன். இனி வலது என்றால் வாங்க வருபவரின் வலது. தட்டுகளுக்கும் பல் எண்களையே வைத்தாயிற்று. என்னோடு வெகுநாளாக இருக்கும் விற்பனையாள் இக்னாஸ், புதுச்சேரிக்காரர், தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பாப்பாவுக்குப் பரிட்சைன்னா பாதாம் வாங்கிக் குடுங்க மொதலாளி. கடைய ஏன் பொரட்டறீங்க?"

பழைய பழக்கத்திலேயே, ஆவ் யாய் என்னும் நீள அங்கி தைக்கப் பட்டு கேட்ட அம்மாளுக்குத் திரைச்சீலைத் துணியை விரித்தார்.

"அண்ணே, அது 36. நான் சொன்னது 46!" — கல்லாவிலிருந்து நஸீம். சிரித்துவிட்டாள். அம்மாளும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்.

17 செப்டம்பர்

"யாருக்காவது சொன்னாத்தான் வாப்பா மனசுல நிக்கும்" என்கிறாள். கடை சாத்தியதும் நான் கேட்கிறேன். தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்கிறேன். எனக்கே விளங்கிவிட்டால் தேர்வாளருக்கு விளங்காமலா போகும்?

பல்லின் மேற்பூச்சு உடம்பிலேயே கெட்டியான பொருளாம், எலும்பைவிட. அதைச் செய்யும் உயிரணுக்கள் பல் முளைத்ததும் மறைந்துவிடுமாம். கொடுத்தது கொடுத்ததுதான், மறு சரக்கு வராது. நான் எத்தனை வருஷம் பாக்கும் சுண்ணாம்புமாக அரைத்துத் தள்ளினேன்!

ஆறு வயதில் கடைவாயில் முளைக்கும் பல், எந்தப் பால்பல்லும் விழாமலே பின்னால் வந்து நிற்குமாம். அதையும் பால்பல் என்று நினைத்துத்தான் தாய்மார் சொத்தையாக விட்டுவிடுகிறார்களாம்.

எல்லாவற்றையும்விட இது: பால்பல்லைச் சீவி உருப்பெருக்கியில் பார்த்தால் ஒரு கோடு தெரியுமாம். பிள்ளை பூமிக்கு வந்த அதிர்ச்சி அங்கே பதிந்திருக்கிறது. பிறப்புப் பத்திரம் எரிந்துபோய் அலைகிறவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர். அவர்கள் பிள்ளைகளின் வாயில் அது எரியாமல் இருக்கிறது. சுப்ஹானல்லாஹ். துணியை விரலால் தடவியே எந்த ஆலை என்று சொல்வேன். என் வாய்க்குள் இருப்பதைப் பற்றி ஒன்றும் தெரியாமல் ஐம்பது வயது கடந்துவிட்டது.

18 செப்டம்பர்

கடைக் கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்து நின்றேன். இக்னாஸ் பார்த்துவிட்டார். போகட்டும்.

3 அக்டோபர்

தேர்வு முடிந்தது. காயம்பட்ட சிப்பாய் ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்தார்களாம். கீழ்த்தாடையின் உட்பக்கம், மரத்துப்போக ஒரே ஊசி. கொஞ்ச நேரத்தில் அவர் உதட்டைத் தொட்டுப் பார்த்து, "பாதியைக் காணோமே" என்றாராம். ஒரு நரம்புக்கு அத்தனை அதிகாரம்; அதை என் மகள் விரல் கண்டுபிடித்திருக்கிறது.

எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: "அவர் வலது, வாப்பா."

14 அக்டோபர், நோன்பு

தேறிவிட்டாள்! அல்ஹம்துலில்லாஹ். அவள் உம்மா கஞ்சியில் உப்புப் போட மறந்தாள், யாரும் சொல்லவில்லை.

நோன்பு திறக்க ஹாஜி முகம்மது வந்திருந்தார். "நானா, வாக்கு ரெண்டு பக்கமும்தான். புள்ள படிக்கட்டும். மஹர் மட்டும் இப்பவே பேசிடுவோம்" என்றார். மாப்பிள்ளை பெண்ணுக்குத் தர வேண்டியது எத்தனை பவுன் என்று நான் வாயெடுப்பதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து நஸீம்: "மஹர் நான்தானே மாமா கேக்கணும்?"

கேட்டாள். ஹாஜியாருக்குப் புரையேறியது.

"நாற்காலியா? நகை கேளு புள்ள!"

"நகைய வச்சு யாரு வாயப் பாக்குறது மாமா?"

"சரி, நாற்காலி. வெளக்கு வேறயா?"

"இருட்டுல எப்படிப் புடுங்குறது?"

என்னிடம் பேரம் படித்தவள்தான் அவள். என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

பேசி முடித்தது: படிப்பு முடியும்வரை நிக்காஹ் இல்லை. முடிந்ததும் மாப்பிள்ளை சைகோனுக்கு வந்து தங்க வேண்டும். மஹர் — கால்மிதியில் ஏறி இறங்கும் பல் மருத்துவ நாற்காலி ஒன்று, புதியது, விளக்கோடு.