விளக்கு அணைந்த பிறகு ஒரு ஓக்கே

நவ. 9, திங்.
விடாத மழை. விறகு ஈரம், வீடெல்லாம் புகை. பள்ளிக்கூடம் லீவு, பாடம் எடுக்கப் போகவில்லை.
ஹார்பரில் கப்பல் மூட்டைகளைத் தூக்கி இறக்கும் விஞ்ச் ஓட்டும் என் வீட்டுக்காரருக்கு இப்போதெல்லாம் ஒரே பேச்சு. ஓக்கே. கப்பல்காரர்களிடம் பிடித்தது. சோறு போடட்டுமா? ஓக்கே. குழம்பு கரிக்கிறதா? ஓக்கே. தொணதொணக்காதே என்பதற்கும் அதுதான். ராத்திரி விளக்கை அணைத்து நான் ஏதாவது பேசினால், என் தோளைத் தட்டி மெதுவாக ஒரு ஓக்கே. அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எழுதவே வெட்கம். ஒரு சின்ன வார்த்தை, எத்தனை வேலை பார்க்கிறது!

நவ. 10, செவ்.
என் தம்பி கபீர் மீனோடு வந்தான். இவர் இறக்கும் மூட்டைகளைக் கப்பலுக்குள் கீழே நின்று அடுக்குகிறவன்.
"மச்சானுக்கு இன்னாக்கா ஆச்சு? மேலேர்ந்து நிறுத்து நிறுத்துன்னு கத்துறானுங்க, மூட்டை பாட்டுக்கு எறங்கிகினே கீது. துள்ளி ஒதுங்கிட்டேன், இல்லாங்காட்டி காலி!"
சிரிக்கிறான் கழுதை.
ஏன் நிறுத்தவில்லை என்று இவரிடம் கேட்டேன். ஓக்கே என்றார். இது என்ன பதில்?
வாங்க: சோப்பு, உப்பு.

நவ. 11, புத.
இவர் சவரம் செய்துகொண்டிருந்தார். பின்னால் நின்று, "வூடு பத்திக்கினு எரியுது!" என்றேன். அசையவில்லை. கண்ணாடியில் என் வாய் அசைவதைப் பார்த்துவிட்டு, "ஓக்கே, ஓக்கே."
அடுப்பங்கரையில் போய் அழுதேன். காது போய்விட்டது. மறைக்கிறார். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால், கீழே கபீர்.
இருட்டில் வாய் தெரியாதே. அப்படியானால் ராத்திரி நான் பேசியது ஒன்றுமே கேட்கவில்லையா? அம்மா நினைப்பு, பிள்ளை இல்லாத குறை, எல்லாவற்றையும் கொட்டினேனே.

நவ. 12, வியா.
வெயில். ஸ்லேட்டில் எழுதி அவர் முன் வைத்தேன்: 'காது கேட்கவில்லை என்று தெரியும். கீழே கபீர் நிற்கிறான்.'
எழுத்துக் கூட்டிப் படித்தார். முகம் செத்துவிட்டது.
"வேலை பூட்டா இன்னாம்மே பண்றது?"
"என் சம்பளம் கீதுல்ல? பார்த்துக்கலாம்." நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். என் உதட்டையே பார்த்தார்.
சட்டையை மாட்டினார். "மேஸ்திரியாண்ட நானே சொல்லிடறேன்."
வாசலில் திரும்பி நின்றார். இந்த முறை நான்தான் சொன்னேன், ஓக்கே என்று. தலையாட்டிவிட்டுப் போனார்.
மணி ஆறு. இன்னும் வரவில்லை. சோறு வடித்தாயிற்று.
வாங்க: மண்ணெண்ணெய், இரண்டு பாட்டில். இனிமேல் விளக்கை அணைத்துவிட்டுப் பேசுவதில்லை.