இசாமு சாமியின் படிக்கட்டு

அன்புள்ள மிசவோவுக்கு,

தொகியே எழுதுகிறேன். இங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டது. கிழக்கிலிருந்து வருகிற அந்தக் குளிர்காற்று இந்த வருஷமும் நம்மை விடவில்லை. ஜூன் மாதத்தில் அடுப்பை மூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றால் நகோயாவில் யாரும் நம்பமாட்டார்கள். அங்கே வெயில் கொளுத்துகிறது என்று வானொலியில் சொன்னார்கள். உடம்பைப் பார்த்துக்கொள். மகனும் மருமகளும் உன்னை நன்றாகத்தான் வைத்திருப்பார்கள். இல்லையென்றால் ஒரு வரி எழுது, நான் வந்து கேட்கிறேன்.

என் வீட்டுக்காரர் மொரியோவுக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டது. படகில் ஏற இன்னொருவர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. வாய்க்கு மட்டும் ஒரு வலியும் இல்லை. "எனக்கு வயசாகல, படகுதான் உயரமாயிடுச்சு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். இந்த வசந்தத்தில் கடற்பாசி நன்றாக விளைந்தது. உனக்கென்று காயவைத்து எடுத்து வைத்ததைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். கடையில் விற்பதைத் தின்று உன் நாக்கு செத்துப்போயிருக்கும்.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, உனக்குத் தெரியும். ஆனாலும் இந்தக் கடிதத்தைப் பல தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். விஷயம் உன் வீட்டுப் படிக்கட்டைப் பற்றியது. நம் ஊர்க் கடற்கரைப் படம் ஒன்றைப் பெரிய ரயில் நிலையங்களில் எல்லாம் ஒட்டப் போகிறார்கள். நகோயாவிலும்தான். அதில் இருப்பது உன் படிக்கட்டு. ஜூலைக் கடைசிக்குள் நீ வேண்டாம் என்றால் நிறுத்திவிடுவார்கள். நீ கறிகாய்ப் பையோடு கூட்டத்தில் நடந்து போகும்போது எதிர்ச் சுவரில் அதைப் பார்த்துத் திகைத்து நின்றுவிடக் கூடாது என்றுதான் முதலில் நான் எழுதுகிறேன்.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். படம் எடுக்க வருகிறவர்கள் முன்பெல்லாம் கலங்கரை விளக்கத்து முனைக்கும், கடலில் நிற்கும் மூன்று பாறைகளுக்கும்தானே போவார்கள்? அங்கே இடம் பிடிக்க முடியாமல் ஒருவர் நம் பக்கம் வந்திருக்கிறார். பேரலை வீட்டைக் கொண்டுபோன மேட்டில், புல்லுக்கு நடுவே, அந்தச் சிமெண்டுப் படிக்கட்டு மட்டும் ஏறிப் போகிறது. மேல்படிக்கு அப்பால் ஒன்றுமில்லை, கடல்தான். கோடை விடியலில் சூரியன் நேராக அந்த மேல்படியில் வந்து உட்காருகிறது. அத்தனை வருஷம் அதே படியில் கணவாய் காயவைத்தோம், ஊர் வம்பெல்லாம் பேசினோம், ஒரு நாளாவது நிமிர்ந்து சூரியனைப் பார்த்தோமா? உலை கொதிக்கிற நேரத்தில் யாருக்கு அதெல்லாம் தோன்றும்?

பிறகு கூட்டம் வந்தது. முந்தின நாள் மாலையே கேமரா வைக்கிற மூன்று கால் தாங்கியைக் கொண்டுவந்து வைத்து, காலில் பெயர் எழுதி ஒட்டிவிட்டுப் போகிறார்கள். விடியலில் வந்து பார்த்தால் யாராவது அதை ஒரு சாண் நகர்த்தியிருப்பார்கள். அதற்கு ஒரு சண்டை. சண்டை என்றாலும் நம் ஆட்கள் சண்டை. "மன்னிக்கணும், உங்க காலு என் இடத்துல இருக்கு", "மன்னிக்கணும், அது என் காலு இல்ல, காத்தோட வேலை" என்று குனிந்து குனிந்து வணங்கிக்கொண்டே முறைத்துக்கொள்வார்கள்.

அதெல்லாம் போகட்டும் என்று இருந்தேன். ஒரு நாள் ஒருவன் தன் காதலியை நடுப்படியில் உட்காரவைத்துப் படம் எடுத்தான். எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, விளக்குமாற்றோடு ஓடினேன். "எறங்குடா கீழ! வீட்டுப் படியில செருப்போட நிக்கிறியே!" என்று கத்தினேன். அவன் பயந்து இறங்கிவிட்டான். இறங்கிச் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "எந்த வீடுங்க அம்மா?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். நான் விளக்குமாற்றோடு திரும்பி வந்துவிட்டேன்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. நம் ஆட்கள் போலீசுக்குப் பயப்படமாட்டார்கள், சாமி இருக்கும் இடத்தைச் சுற்றிக் கட்டுகிற வைக்கோல் கயிற்றுக்குப் பயப்படுவார்கள். கோயிலில் புத்தாண்டுக்குத் திரித்ததில் மிச்சமிருந்த கயிற்றை வாங்கி வந்து, வெள்ளைக் காகிதத்தை மடித்துத் தொங்கவிட்டு, கீழ்ப்படிக்குக் குறுக்கே கட்டிவிட்டேன். அன்றைக்கே பலன் தெரிந்தது. ஒருவரும் ஏறவில்லை. "பாத்தீங்களா?" என்று மொரியோவிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது மிசவோ. கொஞ்ச நாளில் படிக்கட்டின் முன்னால் வரிசை நிற்கிறது! குனிந்து கும்பிடுகிறார்கள், இரண்டு முறை கைதட்டுகிறார்கள், காசு வைக்கிறார்கள். வெளியூர் அம்மாள் ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டு, "இங்க இருக்கிற சாமி பேரு என்னங்க?" என்று கேட்டாள். சட்டென்று என் வாயில் வந்தது ஒரே பெயர்தான். "இசாமு" என்றேன்.

"இசாமு சாமியா! எதுக்கு வேண்டிக்கலாம்?" என்றாள். பின்னால் வந்துகொண்டிருந்த மொரியோ சும்மா இருப்பாரா? "ஒரு பாட்டில் வச்சா எது வேணும்னாலும் கேக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாள் அதை அப்படியே நம்பிவிட்டாள். இப்போது படியோரம் முழுக்க மது பாட்டில். "சாமி குடிச்ச மிச்சம்" என்று சொல்லி உன் நண்பர் மொரியோதான் காலி செய்கிறார்.

அன்றைக்குப் பாசி காயவைக்கிற கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். திருவிழாவில் சாமிப் பல்லக்கைத் தோளில் தூக்கிப் போய், போதையில் வாய்க்காலில் கவிழ்த்த உன் வீட்டு மனுஷன், இப்போது தானே சாமி! உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்லி நான் சிரிப்பது? சிரித்து முடித்த பிறகு நிறைய நேரம் அழுதேன்.

அந்தக் கயிறு கட்டிய படிக்கட்டைத்தான் குசாகாபே என்பவர் படம் எடுத்திருக்கிறார். அகிதா பக்கம் பஸ் ஓட்டிக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். நகராட்சி வைத்த படப் போட்டியில் அதற்குத்தான் முதல் பரிசு. நானும் பார்த்தேன். மேல்படியில் சூரியன், யாரோ வீட்டுக்கு வரப்போகிறார்கள் என்று வாசல் விளக்கைப் போட்டு வைத்தது போல இருக்கிறது. நல்ல படம்தான், பொய் சொல்லமாட்டேன். அது யார் வீடு என்று சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "தெரிஞ்சிருந்தா எடுத்திருக்கவே மாட்டேன்மா. அந்தம்மா வேண்டாம்னு சொன்னா பரிச திருப்பிக் குடுத்துடறேன்" என்று தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். நல்ல மனிதர்.

நகராட்சியிலிருந்து ஒகினோ என்று ஒரு பையன் வந்தான். படம் எடுக்க மர மேடை போட்டு, ஒரு விவரப் பலகை வைக்க வேண்டும் என்றான். உனக்கு எழுதினால் பதில் வருவதில்லையாம். எனக்குக்கூடப் புத்தாண்டு அட்டை மட்டும்தான் வருகிறது என்று சொல்லி அனுப்பியிருப்பேன், ஆனால் அவன் இசாமு யார் என்று கேட்டுவிட்டான். சொன்னேன். மீனவர். பூமி அதிர்ந்ததும், அலை வருவதற்குள் மற்றவர்களைப் போலப் படகைக் காப்பாற்ற ஆழக் கடலுக்குக் கொண்டுபோனார். மற்றப் படகுகள் மறுநாள் திரும்பின. அவ்வளவுதான் சொன்னேன். "எறந்த தேதி அதேதானுங்களா?" என்று பேனாவைத் திறந்தான்.

"அத நான் சொல்ல முடியாது தம்பி" என்றேன்.

"ஏங்க?"

"அவரு பொண்டாட்டி இன்னும் சொல்லல."

பையன் பேனாவை மூடிவிட்டு எழுந்து, என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனான். அவனுடைய அத்தையும் இன்னும் கிடைக்கவில்லையாம்.

மேட்டைச் சமப்படுத்த இயந்திரம் வந்த நாள் என் கண்ணிலேயே இருக்கிறது. நீ கீழ்ப்படியில் நின்றுகொண்டு, "இத ஒடச்சா அந்த மனுஷன் வந்து எப்படி வீட்டுக்கு ஏறுவாரு?" என்று கேட்டாய். ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஒரு சிகரெட் பிடித்துவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. அதனால்தான் கேட்காமல் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆனால் ஒன்று செய்துவிட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன். சாமிக்கு என்றால் கைதட்டுவோம், போய்விட்டவர்களுக்கு என்றால் சத்தமில்லாமல் கைகூப்புவோம். வருகிறவர்கள் எல்லோரும் தட்டுகிறார்கள். நான் மட்டும் தினமும் போய் ஏப்ரன் பைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு நிற்பேன். தட்டினால் அது பொய். கூப்பினால் உனக்குச் செய்கிற துரோகம்.

போன வாரம் ஒரு காலையில் மூடுபனி இறங்கியிருந்தது. படம் எடுக்க ஒருவரும் வரவில்லை. கடலும் தெரியவில்லை, மேல்படியும் தெரியவில்லை. நனைந்து தொய்ந்திருந்த கயிற்றைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தேன். கை தானாகக் கூப்பிக்கொண்டது. சத்தம் வரவில்லை மிசவோ. நீ சொல்வதற்கு முன்னால் நான் அவரை அனுப்பிவைத்துவிட்டேன். 

மன்னித்துவிடு என்று எழுதி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. நேரில் வந்து திட்டு. நீ போன பிறகு என்னைத் திட்ட இந்த ஊரில் ஆளே இல்லை. படம் வேண்டாம் என்றால் வேண்டாம். கயிற்றை அவிழ் என்றால் அன்றைக்கே அவிழ்க்கிறேன். படிக்கட்டை உடைத்துவிடலாம் என்றால் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நானே நிற்கிறேன். ஆனால் எதையும் தபாலில் சொல்லாதே, தொலைபேசியிலும் சொல்லாதே. வந்து சொல்.

வா, இரண்டு பேரும் விடியலில் போய் நிற்போம். நீ தட்டினால் நானும் தட்டுகிறேன். நீ கூப்பினால் நானும் கூப்புகிறேன். நீ கடலைப் பார்த்து, "இன்னும் வரலியே இந்த மனுஷன்" என்று திட்டினால், நான் கையைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு உன்னோடு நின்று காத்திருக்கிறேன். எத்தனை நாள் ஆனாலும் சரி.

நீ நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். எந்தச் சாமியிடம் என்று மட்டும் கேட்காதே.

உன்,
தொகியே