வயிற்றில் கன்றிய இடம்

ஆவடி
1993

தம்பிக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை.

காலில் ரத்தம் உறைந்து நான் படுத்ததிலிருந்து, காலையும் மாலையும் என் வயிற்றுத் தோலில், ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஊசி போட்டவர் என் வீட்டுக்காரர், உன் மாமா. நர்ஸ் காட்டிக்கொடுத்தபடி ஒரு வேளை இடது பக்கம், மறுவேளை வலது பக்கம். ஊசியை எடுத்ததும் பஞ்சை மெல்ல அழுத்திப் பிடிக்க வேண்டும். தேய்த்தால் உள்ளே ரத்தம் கசிந்து கன்றிவிடும்.

துணைக்கு வந்த உன் மனைவி கேட்டாளா? "தேய்ச்சி உடலன்னா மருந்து கட்டிக்கும் அண்ணி, எனுக்குத் தெரியாதா?" என்று தினமும் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். வயிறு கத்தரிக்காய் நிறமானது. உடனே உன்னிடம் ஓடி வந்து, "ஊசிக்கு இப்டியா கறுக்கும்? அண்ணன் ஒதைச்சிகினு கீறாரு" என்றாள்.

நீ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. குமணன்சாவடி பஸ் நிறுத்தத்தில், "பொம்பளைய வயித்துலயா ஒதைப்ப?" என்று அவரை அறைந்தாய். அவர் திருப்பி அடிக்கவில்லை. அன்றிலிருந்து ஊசியைத் தொடுவதும் இல்லை. நானே போட்டுக்கொள்கிறேன்.

தேய்த்ததால்தான் கன்றியது என்று டாக்டரே உனக்கு விளக்கிச் சொன்ன பிறகு பழத்தட்டு கொடுத்தனுப்பினாய். வாசலோடு திருப்பிவிட்டேன்.

ஆவணியில் என் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் நீ கொண்டுவர வேண்டாம். அவளுக்கு மாலை போட்டு மணவறைக்கு அழைத்து வர, மாமாவோடு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் வீரராகவனிடம் சொல்லிவிட்டேன்.

பத்திரிகை உனக்கும் வரும். கூட்டத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போ.

உன்னோடு பிறந்தவள்