தொட்டித் தண்ணீரில் கரையாதது

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், என் சர்க்கரையும் இப்போதைக்குச் சொன்ன பேச்சைக் கேட்டு அடங்கியிருக்கிறது, நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். வரைபடத்தில் ஒரு தூணின் அளவைத் தப்பாகப் போட்டுவிட்டதாகவும், கட்டட வேலை தொடங்க இன்னும் இரண்டு மாதம் இருப்பதால் யாரிடமும் சொல்லவில்லை என்றும் எழுதியிருந்தாய், அதைப் படித்ததிலிருந்து எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

போன செவ்வாய்க்கிழமை நான் பாத்திரம் கழுவுகிற ஆய்வுக்கூடத்தில் நடந்ததைக் கேள். ஆராய்ச்சி செய்கிற ஒல்லிப் பெண் மூன்று மாதம் பாடுபட்டு ஃபெர்ரோசீன் என்று ஒன்றைச் செய்தாள், இரண்டு கரி வளையங்களுக்கு நடுவே ஓர் இரும்பு அணு சொகுசாக உட்கார்ந்திருக்குமாம். அழுக்கோடு இருப்பதைக் கிண்ணத்தில் மூடிச் சூடாக்கினால் கற்பூரம் போல ஆவியாகி மூடியின் உள்பக்கம் ஆரஞ்சு ஊசிகளாகப் படியும். நான் எங்கே கண்டேன், அடியில் கருகிக் கிடந்ததைப் பார்த்துத் தீய்ந்த பாத்திரம் என்று மூடியோடு தூக்கிக் கழுவுகிற தொட்டித் தண்ணீரில் போட்டுவிட்டேன். அவள் வந்து மேசை மேசையாகத் தேடுகிறாள், தொட்டி அடைப்பானின் சங்கிலி என் விரலில் மாட்டியிருக்கிறது. பிடுங்கியிருந்தால் எல்லாம் தண்ணீரோடு போயிருக்கும், ஒரு சாட்சி கிடையாது. இருபத்திரண்டு வருஷப் பெயர் போகுதே என்று இருந்தது, இருந்தாலும் சொல்லிவிட்டேன். அய்யோ அக்கா என்ன பண்ணிட்டீங்க என்று தலையில் கை வைத்தவள், மறுநொடியே அடைப்பானைத் தொடாதீங்க, அது தண்ணியில கரையாது என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். இரும்புக்கும் தண்ணீருக்கும் ஜென்மப் பகை என்று நினைத்திருந்தேன், இது துருவும் பிடிக்காமல் கரையவும் செய்யாமல் தகதகவென்று மிதந்தது, மீதி அடியில் கிடந்தது. இருவரும் தாளில் வடிகட்டி உலர்த்தி எடை போட்டோம், ஒரு சிட்டிகைதான் குறைவு. எரிபொருளில் கலந்தால் புகையைக் குறைக்குமாம், நான் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கிற பட்டையிலும் இதன் உறவுக்காரன்தான் வேலை செய்கிறானாம். இத்தனை நாள் திட்டிக்கொண்டே குத்தினேன், இப்போது மரியாதையாகக் குத்திக்கொள்கிறேன்.

திட்டு எனக்கும் விழுந்தது. அவள் மூடிகளில் எல்லாம் அக்கா கழுவாதீங்க என்று சீட்டு ஒட்டியிருக்கிறாள், பார்க்க வெட்கமாகத்தான் இருக்கிறது. உன் தூண் இன்னும் தாளில்தான் நிற்கிறது, நாளைக்கே மேலதிகாரியிடம் போய்ச் சொல். ஒரு குறையும் இல்லாமல் நீ நல்லா இருப்பாய். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள், அடைப்பானைப் பிடுங்காதே.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா