சின்னத்தை இழுக்காதீர்கள்

போன வாரம் எங்கள் துறை அலுவலகத்துக்கு ஒரு பெட்டி வந்தது. பிரித்ததும் புது அச்சு மை வாசனை அறை முழுக்க ஏறியது. உள்ளே இருபது புத்தகங்கள், வழவழப்பான தாள், ஒவ்வொன்றும் செங்கல் கனம். ‘ஒரே பல்கலைக்கழகம், ஒரே சின்னம்’ என்று அட்டையில் பெரிய எழுத்து. சின்னத்தை எங்கே வைக்கலாம், சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும், எந்த நீலம் சரியான நீலம், எல்லாவற்றையும் படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள். பதினோரு வருடம் நீ தொண்டை வற்றக் கத்தியதற்குத்தான் படம் போட்டிருக்கிறார்கள். முன்னுரையில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? இந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றிலேயே முதல்முறையாக எல்லாத் துறைகளின் சின்னங்களும் ஒழுங்குபடுத்தப்படுகின்றனவாம். முதல்முறையாக! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர்கள் பூசணித் தோட்டத்தையே மறைத்துவிட்டார்கள்.

நன்றி சொல்லும் பக்கத்தைத் தேடினேன். ஆலோசனை நிறுவனத்துக்கு நன்றி, குழு உறுப்பினர்களுக்கு நன்றி, கூட்டங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர்களுக்குக்கூட நன்றி. உன் பெயர் இல்லை. நீ போய் இரண்டு வருடம்தான் ஆகிறது. அதைத்தான் உனக்கு எழுதுகிறேன், வேறு யாரிடம் சொல்வது?

நம்முடைய முதல் பேச்சே சண்டை. நான் இந்தத் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிது. வெளியாட்கள் வந்து பார்க்கும் திறந்தநாளுக்கு ஒரு பேனர் செய்து வாசலில் கட்டியிருந்தேன். பல்கலைக்கழகச் சின்னத்தின் இரண்டு பக்கமும் இடம் காலியாகத் தெரிந்தது. கணினியில் ஒரு மூலையைப் பிடித்து இழுத்துவிட்டேன். கேடயம் தோசைக்கல் போல அகன்றது, உள்ளேயிருந்த புத்தகமும் சுடரும் சப்பையாகிவிட்டன. எனக்கு அது அழகாகத்தான் இருந்தது. மறுநாள் காலை, சின்னங்களைக் கவனிக்கும் தொடர்புப் பிரிவிலிருந்து நீ கையில் அளவுகோலோடு வந்து நின்றாய்.

“இதை ஆர் செய்தது?”

“நான்தான். ஏன், அழகா இல்லையா?”

“சின்னத்தை இழுத்திருக்கிறீர்.”

“எடம் காலியா இருந்துச்சு, கொஞ்சம் இழுத்தேன். இதனால யாரும் சாகப் போறதில்ல லா.”

நீ பேனரை ஒரு தடவை பார்த்தாய், என்னை ஒரு தடவை பார்த்தாய். “உம்மட ஐ.சி. கார்டில உம்மட முகத்தை இப்படி இழுத்து அடிச்சுத் தந்தா, பேங்க்ல உம்மை உள்ளுக்கு விடுவினமோ?”

பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தும் உன் பேச்சிலிருந்து யாழ்ப்பாணம் போகவே இல்லை. என்னைக் கடைசிவரை ‘நீர்’ என்றாய். நான் கிள்ளான்காரி, ஒரு மாதத்திலேயே உன்னை ‘நீ’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அந்த ஒரு மாதத்துக்குள் நாம் கேண்டீனில் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள் ஆகியிருந்தோம்.

உனக்கு ‘லோகோ போலீஸ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நீ வராந்தாவில் வருவது தெரிந்தால் நோட்டீஸ் பலகையிலிருந்து தாளைக் கழற்றி ஒளித்துவைப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன், உனக்குத் தெரியும். உன் மேசையில் ஒரு பச்சைக் கோப்பு இருந்தது. எந்தெந்தத் துறை சின்னத்தை எப்படியெல்லாம் கெடுத்தது என்று வெட்டி ஒட்டி வைத்திருந்தாய். ஒன்றில் சுடர் இடப்பக்கம் திரும்பியிருந்தது. ஒன்றில் கேடயம் வட்டமாகிவிட்டது. நூலகத்தின் சின்னத்தில் சுடர் அணைந்தே போயிருந்தது. மஸ்ஜித் இந்தியாவுக்குச் சேலை எடுக்கப் போனாலும் உனக்கு நிம்மதி கிடையாது. கடைக்குள் நுழையாமல் வாசலில் நின்று பெயர்ப் பலகையை முறைத்துக்கொண்டிருப்பாய்.

நம் ஊரில் ஒரு வழக்கம் உண்டு அல்லவா, புதுத் தலைவர் வந்தால் புதுத் திரைச்சீலை, புதுக் குவளை, புதுச் சின்னம். எங்கள் துறைக்கும் ஒரு புதுத் தலைவர் வந்தார். வந்த மூன்றாம் மாதம் சின்னப் போட்டி வைத்தார். பல்கலைக்கழகக் கேடயத்துக்குள் இருந்த புத்தகத்தை எடுத்துவிட்டு ஒரு கண்ணாடிக் குடுவையை வைத்த படம் பரிசு வாங்கியது. அவருக்கு ஊதா பிடிக்கும், அதனால் நீலமும் ஊதாவாகியது. ஆளாளுக்கு நாட்டாமை. நீ மறுப்புத் தெரிவித்து இரண்டு கடிதம் எழுதினாய். இரண்டுக்கும் அவர் பதில் போடவில்லை.

அந்த வருடம் ஆய்வுக்கூட உதவியாளர் சான்றிதழ் படிப்பின் முதல் அணி முடித்தது. சான்றிதழை எங்கள் துறையே அச்சடித்துக் கொடுக்கும். கேண்டீனில் நீ என்னிடம் சொன்னாய், “அச்சுக்கு அனுப்ப முந்தி எனக்கு ஒருக்காக் காட்டும்.” “நாளைக்குக் கொண்டாந்து காட்டுறேன்” என்றேன். அன்று மத்தியானமே அனுப்பிவிட்டேன். தலைவர் அவசரப்படுத்தினார் என்பது உண்மை. உன்னிடம் காட்டினால் நீ நிறுத்துவாய், நிறுத்தினால் அவர் என் மேல் பாய்வார் என்பதும் உண்மை. எனக்கு ஆண்டு மதிப்பீடு வரவேண்டிய நேரம். குடுவை வைத்த ஊதாச் சின்னத்தோடு சான்றிதழ்கள் வந்தன, விழா நடந்தது, எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

மூன்று மாதம் கழித்து தர்ஷினி கௌண்டரில் வந்து நின்றாள். சுங்கை பூலோ பிள்ளை, அந்த முதல் அணியில் படித்தவள். பிளாஸ்டிக் உறையில் சான்றிதழை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

“ஆன்டி, இது போலின்னு சொல்றாங்க ஆன்டி.”

ஷா ஆலமில் ஒரு ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. சேரும் நாளில் சான்றிதழைச் சரிபார்த்த அதிகாரி, உங்கள் பல்கலைக்கழகச் சின்னத்தில் புத்தகம் இருக்கும், இதில் குடுவை இருக்கிறது, நிறமும் வேறு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவர் தன் வேலையைச் செய்தார். பத்து நாளுக்குள் உறுதிக்கடிதம் தராவிட்டால் வேலை வேறொருவருக்கு. இங்கே நிர்வாகக் கட்டடத்தில் கேட்டால், அப்படி ஒரு சின்னம் எங்கள் பதிவில் இல்லை, ஆகவே உறுதிசெய்ய இயலாது என்று ஒரு வரிப் பதில். எங்கள் தலைவரோ, அடுத்த பருவத்தில் புதுச் சான்றிதழ் அடிப்போம், அதுவரை பொறுக்கச் சொல் என்றார். ஒரு வருடம் பஸ் மாறிப் பஸ் மாறி வந்து படித்த பெண், தன் சான்றிதழைத் தானே கள்ளத்தனமாக அடித்தவள் போல நின்றாள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டி அன்றைக்கு அவள்தான்.

உன்னிடம் வந்து சொன்னேன். “நான் சொன்னனான் தானே” என்று ஆரம்பிப்பாய் என்று நினைத்தேன். நீயோ கணினியைத் திறந்து கடிதம் அடிக்கத் தொடங்கினாய். சான்றிதழ் உண்மையானது, தவறு பல்கலைக்கழகத்தினுடையது, மாணவியுடையது அல்ல என்று தெளிவாக எழுதினாய்.

அதில் கையெழுத்துப் போட ஆள் இல்லை. அதைப் பற்றிக் கூட்டம் போட்டு உன்னைக் கூப்பிட்டார்கள். குறிப்பெடுக்க நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். இந்தச் சின்னம் தவறு என்று இரண்டு கடிதம் எழுதியதே நீதான், இப்போது அதே சின்னம் செல்லும் என்று எழுதச் சொல்கிறாயா என்று உன் மேலதிகாரி கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நீ அவருக்கு மலாயில் பொறுமையாகப் பதில் சொன்னாய். வெளியே வந்ததும் அதையே என்னிடம் தமிழில் சொன்னாய்.

“சின்னம் பிழை. பிள்ளை படிச்சது பிழையில்ல. இது விளங்க ஒரு கூட்டம் வேணுமே?”

மறுநாள் நீ விடுப்பு எடுத்தாய். தர்ஷினியைக் காரில் ஏற்றிக்கொண்டு ஷா ஆலமுக்குப் போனாய், அந்தப் பச்சைக் கோப்போடு. அந்த அதிகாரியின் மேசையில் அதை விரித்து, எங்கள் வீட்டு லட்சணம் இதுதான், இத்தனை துறை, இத்தனை சின்னம், எல்லாம் நாங்களே கெடுத்தது, இந்தப் பிள்ளையின் தாளில் இருப்பதும் அப்படி ஒன்று என்று பக்கம் பக்கமாகக் காட்டியிருக்கிறாய். அவர் அரை மணி நேரம் பார்த்தாராம். கடைசியில் அவளுடைய மதிப்பெண் பட்டியலை வாங்கிச் சரிபார்த்து, வேலையில் சேர்த்துக்கொண்டார்.

இதற்கு உனக்குக் கிடைத்த பரிசு, நிறுவனத்தின் மானத்தை வெளியில் கொண்டுபோய் விற்றாய் என்ற குற்றச்சாட்டு. விசாரணை வைத்தார்கள். சின்னத்தை மாற்றிய தலைவரை ஒருவரும் கூப்பிடவில்லை. அனுமதி இல்லாமல் சான்றிதழை அச்சகத்துக்கு அனுப்பியது யார் என்று உன்னிடம் எழுத்தில் கேட்டார்கள். ‘கவனிக்கத் தவறியது என் பிரிவு’ என்று எழுதிக் கொடுத்தாய். என் பெயர் அதில் எங்கேயும் இல்லை. அதன் நகல் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. நான்தான் துளையிட்டுக் கோப்பில் சேர்த்தேன்.

உன்னை வாகன ஸ்டிக்கர் பிரிவுக்கு மாற்றினார்கள். கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறை. அங்கேயும் நீ சும்மா இருக்கவில்லை, உன் காலத்தில் இந்த வளாகத்தின் எந்தக் காரிலும் ஸ்டிக்கர் கோணலாக ஒட்டப்படவில்லை. பிறகு வயிற்றில் கட்டி, இரண்டு அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து என்னென்னவோ பேசினேன், அந்த நகலைப் பற்றி மட்டும் பேசவில்லை. உன் சாவுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து மலர்வளையம் வந்தது. நாடாவில் அச்சடித்த சின்னம் முக்கால் முழத்துக்கு அகலமாக இழுபட்டிருந்தது. நான் போய் அதை உட்பக்கமாக மடித்துச் செருகினேன். உன் தங்கை ஏன் என்று கேட்டாள்.

சரி, இந்த வாரக் கதைக்கு வருகிறேன். புதன்கிழமை பெரிய மண்டபத்தில் அந்தப் புத்தகத்துக்கு வெளியீட்டு விழா. எல்லாத் துறைகளின் குமாஸ்தாக்களும் கட்டாயம் வரவேண்டும். ஆலோசகர் மேடையில் ஏறி, இதற்கு முன்னால் இங்கே எப்படியெல்லாம் கூத்து நடந்தது பாருங்கள் என்று படங்களைக் காட்ட ஆரம்பித்தார். எல்லாம் விசாரணையில் வாங்கி வைத்துக்கொண்ட உன் பச்சைக் கோப்பில் இருந்தவை, நீ ஒட்டிய செலோடேப் விளிம்புகூடத் தெரிந்தது. கடைசியில் தர்ஷினியின் சான்றிதழ். பெயரை மட்டும் கறுப்படித்திருந்தார்கள். “இதை வைத்துக்கொண்டு யாராவது வேலை தேடியிருப்பார்களா?” என்று கேட்டார். மண்டபமே சிரித்தது.

நான் எழுந்து நின்றேன். எப்படி நின்றேன் என்று கேட்காதே. ஒலிவாங்கி வேண்டும் என்று கேட்கவில்லை, கிள்ளான் பாசாரில் மீன்காரியோடு பேசுகிற குரல் எனக்கு எப்போதும் உண்டு. மலாயில்தான் பேசினேன். அதை அச்சுக்கு அனுப்பியவள் நான். காட்டச் சொன்னபோது காட்டாமல் அனுப்பினேன். அதை வைத்து ஒரு பெண் வேலை தேடினாள், போலி என்று திருப்பி அனுப்பினார்கள். அவளுக்காகப் போய் நின்றவர் இங்கே பதினோரு வருடம் இதே விதிகளை எழுதிக்கொண்டிருந்தார், நீங்கள் காட்டும் படங்கள் எல்லாம் அவர் ஒட்டியவை, உங்கள் புத்தகத்தில் அவர் பெயர் இல்லை. உன் பெயரை இரண்டு தடவை சொன்னேன். விழாத் தலைவர் “பிறகு பேசலாம், பிறகு” என்றார். யாரும் கை தட்டவில்லை. பக்கத்தில் இருந்த நூலகத்து அக்கா மட்டும் என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்து, “ஏன் லா ஒனக்கு இந்த வேல? இன்னும் நாலு வருசத்துல பென்ஷன்” என்றாள்.

நேற்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. இன்று காலை பதில் கொடுத்துவிட்டேன், நடந்தது நடந்தபடி, என் பெயர் போட்டு. என்ன செய்வார்களோ செய்யட்டும். எனக்கு இப்போது அவர்கள் மேல்கூட அவ்வளவு கோபம் இல்லை. உன் மேல்தான் கோபம். என்னைக் கேட்காமல் என் பெயரை விட்டுவிட்டாய். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று இத்தனை வருடம் உன்னோடு மனதுக்குள் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் நீ கேட்டிருந்தால், “ஆமா, என் பேரப் போடாத” என்றுதான் நான் சொல்லியிருப்பேன். அது உனக்குத் தெரியும். அதைச் சொன்ன வெட்கம் எனக்கு வரக்கூடாது என்றுதான் நீ கேட்கவே இல்லை.