நாலாவது ஆள்

தங்கைக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். என் ரத்த அழுத்தமும் இறங்கியிருக்கிறது. எழுத்து கோணலாக இருக்கிறதென்று சிரிக்காதே. நீ சிரித்தால் எனக்கு இங்கே தெரிந்துவிடும்.

நேற்றுக் காலை உன் மகள் போன் செய்து, "வெறும் கொழுப்புக் கட்டிதான் பெரியம்மா, பயப்பட ஒண்ணுமில்ல" என்றாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தொட்டி நிரம்பித் தண்ணீர் மடியில் வழிந்த பிறகுதான் எழுந்தேன். உன் மார்பில் கட்டி, பரிசோதனைக்கு எடுத்திருக்கிறார்கள் என்று பத்து நாள் முன்பே அவள் சொல்லிவிட்டாள். பெரியம்மாவுக்கு மட்டும் தெரியக்கூடாது என்றாயாமே. அதையும் மறக்கமாட்டேன்.

டாக்டர் சொன்னதால் நூலக மாடியில் தியான வகுப்புக்குப் போய்வருகிறேன். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாள்தான் டீச்சர். புத்தர் வழித் தியானம், மைத்திரி என்று பெயர். கண்ணை மூடிக்கொண்டு, "சுகமாயிரு, நோயில்லாமல் இரு, பயமில்லாமல் இரு" என்று மனதாரச் சொல்ல வேண்டும். முதலில் தனக்கு. அடுத்து, பிரியமான ஒருவருக்கு. மூன்றாவது, வேண்டியவரும் அல்லாத, வேண்டாதவரும் அல்லாத ஒருவருக்கு. நாலாவது, ஆகாதவருக்கு.

மூன்றாவது ஆள்தான் எனக்குக் கிடைக்கவேயில்லை. மருந்துக்கடைக்காரன் என் காதுபடக் 'கிழவி' என்றவன். மாடிவீட்டுக்காரி ஈரத்துணியை என் தலைக்கு மேல் உதறியவள். "ஒருத்தர்கூடவா இல்ல?" என்று டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். கடைசியில் லிஃப்ட் சரிசெய்ய வந்த புது ஆளைப் பிடித்தேன். அவன் இன்னும் வாயே திறக்கவில்லை.

நாலாவது ஆளுக்கு யோசனையே தேவைப்படவில்லை. நீதான். எதற்கு என்பாய். இருபத்தாறு வருஷத்துக்கு முன், என் மகளின் பதிவுத் திருமணம். ஊதாப் புடவையில் வந்திருந்தாய். சாட்சிக் கையெழுத்துக்காக அதிகாரி பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். "அக்காவுக்கு எழுத வராது சார், நான் போடுறேன்" என்று நீ இழுத்துக்கொண்டாய். நான் ஒரு வாரமாகப் பழகி வைத்திருந்த கையெழுத்து அது. உன்னை இடுப்பில் சுமக்கத்தானே மூன்றாம் வகுப்போடு நின்றேன்?

அதனால் உன் முறை வரும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு வால் ஒட்டிவிடுவேன். சுகமாயிரு, என்னிடம் மன்னிப்புக் கேட்ட பிறகு. நோயில்லாமல் இரு, முழங்கால் வலி தவிர.

கட்டி என்று கேள்விப்பட்டதும், நான் ஒட்டிய வால்தான் உன்னைப் பிடித்துக்கொண்டதோ என்று பயம். அன்று வகுப்பில், பிரியமான இடத்துக்குப் பேத்தியைக் கூப்பிட்டால் நீ வந்து நிற்கிறாய், பல் முளைக்காத வாயோடு, என் இடுப்பில். இறக்கிவிட்டாலும் இறங்கவில்லை. பத்து நாளும் உனக்குச் சொல்லவே நேரம் சரியாக இருந்தது. பாவம், லிஃப்ட்காரனுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

இன்று டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன். "அப்போ உங்க தங்கச்சியை ரெண்டாவது இடத்துக்கு மாத்திடுங்க" என்றார். அதெல்லாம் அவ்வளவு சீக்கிரம் முடியாது என்று சொல்லிவிட்டேன். இப்போதைக்கு மூன்றாவதில் இரு.

பேத்திக்கு வரும் பன்னிரண்டாம் தேதி பதிவுத் திருமணம். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒன்று நான். இன்னொன்றுக்கு மாப்பிள்ளையின் மாமா தயாராக நின்றார், ஆள் இருக்கிறது என்று அனுப்பிவிட்டேன். வரும்போது பேனா கொண்டு வா. என்னுடையதைத் தரமாட்டேன்.

சுகமாயிரு. நோயில்லாமல் இரு. பயமில்லாமல் இரு.

இப்படிக்கு,
தானே எழுதிக் கையெழுத்தும் போட்ட
உன் அக்கா