நான் ஏறாத சாட்சிக்கூண்டு

அண்ணை,

இன்று காலை எங்கள் வீட்டுக் கதவின் கடிதத் துவாரத்தில் ஒரு தேர்தல் துண்டுப்பிரசுரம் பாதி நுழைந்து சிக்கிக்கொண்டு நின்றது. வெளியே யாரோ "ஆ!" என்று கத்தினார்கள். திறந்து பார்த்தால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, விரலை உதறியபடி நிற்கிறார். துவாரத்தின் இரும்பு மூடி கடித்துவிட்டது. "சாரி சார், நான்தான் கேண்டிடேட்" என்றார். தமிழ்நாட்டுக்காரர். கணினிக் கம்பனியில் வேலையாம், எங்கள் செவன் கிங்ஸ் பகுதி முழுக்க இன்று வோட்டுக் கேட்டு நடக்கப் போகிறாராம். நான் உள்ளே போய் ஒரு மரக்கரண்டியை எடுத்து வந்து கொடுத்தேன். தாளைக் கரண்டியில் சுற்றித் தள்ளினால் விரல் தப்பும், உள்ளே நாய் நின்றாலும் கரண்டியைத்தான் கடிக்கும் என்றேன். "ஆமா சார், நல்ல ஐடியா. அனுபவமோ?" என்று சிரித்தார். அது நீங்கள் பழக்கிவிட்ட வித்தை, அண்ணை.

நீங்கள் கண்மூடி ஐந்து கிழமையாகிறது. இதை ஏன் தமிழில் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். உங்களுக்குத் தெரிந்த தமிழ் எல்லாமாக ஐந்தாறு சொல், அதில் பாதி சாப்பாடு. இது நீங்கள் வாசிப்பதற்காக இல்லை. "அந்த ஐரிஷ்காரர் வோட்டுக்காக எங்கடை ஆளைப் பற்றிக் கதை கட்டினவர்" என்று இன்றைக்கும் கலியாண மண்டபங்களில் சொல்லிக்கொண்டிருக்கிறவர்கள் வாசிக்கட்டும். நீங்கள் கதை கட்டவில்லை. மறித்து வைக்கப்பட்ட கடிதம் என்னுடையது. சாட்சி சொல்ல வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் விட்டவனும் நான்தான்.

லண்டன் எட்மண்டனில் அப்போது ஒரு வீட்டில் ஒன்பது பேர் இருந்தோம். வீட்டுக்காரர் எங்கள் ஆள். கோயில் சபையில் பெரிய மனிதர், இரண்டு பெற்றோல் ஷெட் வைத்திருந்தார். அகதி வழக்குப் போட்டவனுக்கு விலாசம்தான் உயிர், ஏனென்றால் குரோய்டனில் உள்ள குடிவரவு அலுவலகத்தில் இருந்து வருகிற ஒவ்வொரு கடிதமும் அந்த விலாசத்துக்குத்தான் வரும். தபாலை வீட்டுக்காரர்தான் எடுப்பார், எடுத்துத் தன் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டுவார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஷெட்டில் சம்பளமில்லாமல் சும்மா ஷிப்ட் செய்கிறவனுக்குக் கடிதம் உடனே கையில் வரும். சாட்டுச் சொல்லித் தப்புகிறவனுக்கு "ஒண்டும் வரேல்லைத் தம்பி" என்ற பதில் வரும். நான் ஒரு மாதம் நாரி நோ, இடுப்பை அசைக்க ஏலாது என்று சாட்டுச் சொன்னேன். என் நேர்காணல் கடிதம் லாச்சியை விட்டு வெளியே வந்தபோது நேர்காணல் திகதி முடிந்து பதினொரு நாள். வராதவன் என்று என் கோப்பை மூடிவிட்டார்கள்.

அந்தக் கடிதத்தோடுதான் நூல்நிலையத்தின் பின்னறையில் உங்களைப் பார்க்க வந்தேன். சனிக்கிழமைகளில் கவுன்சிலர் அங்கே ஆட்களைச் சந்திப்பார் என்று சொன்னார்கள். நான் எதிர்பார்த்தது ஒரு பெரிய துரையை. இருந்தது சிவந்த மூக்கும் கொங்கிரீட் குழைத்துத் தடித்த கையுமாக ஒரு மனிதர். கடிதத்தின் திகதியை இரண்டு தரம் பார்த்தீர்கள். ஒரு கெட்ட வார்த்தை சொன்னீர்கள். பிறகு வரிசையில் நின்ற ஆச்சியிடம் அதற்கு மன்னிப்பும் கேட்டீர்கள். நடந்ததைச் சொன்னேன். அன்றைக்கே குரோய்டனுக்கு ஒரு கடிதத்தை நீங்களே இரண்டு விரலால் தட்டி முடித்தீர்கள். மூன்று மாதத்தில் என் கோப்பு திரும்பத் திறந்தது.

அதற்குப் பிறகு நான் உங்கள் வால். சனி, ஞாயிறு எல்லாம் உங்களோடு வீடு வீடாய்த் துண்டுப்பிரசுரம் போட்டேன். உங்கள் கதையைத் தவணை முறையில் அந்தத் தெருக்களில்தான் கேட்டேன். அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருந்து கப்பலில் வந்தது, அறைக்கு அலைந்தபோது ஐரிஷ்காரருக்கு இல்லை என்று கதவைச் சாத்தியது, கட்டட வேலை, பிறகு பஸ் ஓட்டியது, தொழிற்சங்கம், கவுன்சில். எங்கள் ஆட்களின் வாசலில் "நான் அண்ணை" என்று உங்களை நீங்களே அறிமுகம் செய்வீர்கள். உள்ளே பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடுவார்கள். மிளகாய் வடை சாப்பிட்டுவிட்டு மூக்கு இன்னும் சிவக்க, கண்ணீரோடு வோட்டுக் கேட்ட ஒரே அரசியல்வாதி நீங்கள்தான். அந்த வருசம் கட்சி உங்களைப் பாராளுமன்றத் தேர்தலுக்கு வேட்பாளராக்கியது. பஸ் ஓட்டின மனிதர் வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போகப் போகிறார் என்று எனக்குத் தலைகால் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் என் வீட்டிலேயே இருந்த இன்னொரு பெடியனின் கடிதமும் லாச்சிக்குள் போனது. குடிவரவு அதிகாரிகள் அவனைப் பிடித்துக்கொண்டு போய் அடைத்துவிட்டார்கள். உங்களுக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். பஸ் தரிப்பிடத்தில் வைத்து என்னிடம் கேட்டீர்கள்.

"இதை நான் என் செய்திமடலில் எழுதப்போகிறேன், அந்த மனிதனின் பெயரோடு. உன் பெயர் வராது. ஆனால் அவன் வழக்குப் போட்டால், உண்மை என்று நான் நிரூபிக்க வேண்டும். வந்து சொல்லுவாயா?"

"ஓம் அண்ணை" என்றேன்.

எங்களில் யாரும் முகத்துக்கு நேரே ஏலாது என்று சொல்வதில்லை. கேட்டவர் மனம் நோகக்கூடாது. ஓம் என்று சொல்லிவிட்டு, பிறகு வராமல் விட்டால், கேட்டவர் தானாக விளங்கிக்கொள்ள வேண்டும். கலியாணத்துக்கு அழைத்தாலும் அப்படித்தான், கைமாற்றுக் கேட்டாலும் அப்படித்தான். அதே பழக்கத்தைக் கொண்டுபோய் ஒரு அவதூறு வழக்கில் வைத்தேன். நீங்கள் என் ஓமை அச்சடித்து ஏழாயிரம் வீட்டுக்குப் போட்டீர்கள். அதில் இருநூறு வீட்டுக்கு நானே கரண்டியால் தள்ளினேன்.

வழக்கு வந்தது. இந்த நாட்டுச் சட்டத்தில் அவதூறு வழக்கு என்றால், எழுதினவர்தான் அது உண்மை என்று காட்ட வேண்டும். வீட்டுக்காரர் சும்மா இருந்தால் போதும். முதலில் அவருடைய சட்டத்தரணி உங்கள் பெயரில் மூன்று வரி மன்னிப்பு ஒன்று எழுதி அனுப்பினார். அதில் கையெழுத்து வைத்திருந்தால் எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும். நீங்கள் அந்தத் தாளை என்னிடம் காட்டி, "நீ வருவாய்தானே? இல்லையென்றால் இப்போதே சொல், நான் இதில் கையெழுத்து வைக்கிறேன்" என்று கேட்டீர்கள். அவ்வளவு தெளிவாக ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. நான் அதற்கும் "ஓம்" என்றேன். அதை நினைக்கும்போது இப்போதும் என் கன்னத்தில் நானே அறையவேண்டும் போல இருக்கிறது.

விசாரணைக்குப் பத்து நாள் இருக்க, என் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, லண்டனில் எனக்கிருந்த ஒரே சொந்தம்.

"அந்தாள் செய்தது பிழைதான், ஆர் இல்லையெண்டது? ஆனா எங்கடை ஆளை நாங்களே கோட்டிலை ஏத்திறதோ? நாளைக்கு ஒரு செத்த வீடெண்டா ஆர் வந்து நிக்கிறது? உன்ரை ஐரிஷ்காரனோ?"

நீங்கள் வந்து நின்றிருப்பீர்கள். மாமியின் செத்த வீட்டில் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, ஓட்டைக் காலுறையோடு நீங்கள் நின்றது மாமாவுக்கும் தெரியும். நான் மாமாவுக்குத் தேநீர் ஊற்றினேன்.

பழியை மாமாவில் போட்டுவிட்டுத் தப்ப எனக்கு ஆசைதான். ஆனால் மிச்சத்தையும் சொல்லவேண்டும். மாமா ஒரு கடித உறையை மேசையில் வைத்தார். வீட்டுக்காரர் எழுதின கடிதம். நான் இத்தனை வருசம் அவருடைய வீட்டில் ஒழுங்காக இருக்கிறேன், நல்ல நடத்தை உள்ளவன், கோயில் சபைக்குத் தெரிந்தவன் என்று, சபையின் முத்திரையோடு. திரும்பத் திறந்த என் வழக்கும் நிராகரிக்கப்பட்டிருந்தது, மேன்முறையீட்டுக்கு அப்படி ஒரு கடிதம் வேண்டும் என்று என் சட்டத்தரணி கேட்டுக்கொண்டே இருந்தார். "இதை வைச்சுக்கொள். நீ ஒண்டும் செய்யத் தேவையில்லை, சும்மா ஷிப்டுக்குப் போ" என்றார் மாமா. நான் எடுத்துக்கொண்டேன் அண்ணை. யாரும் அதை என் கைக்குள் திணிக்கவில்லை.

விசாரணை நாளில் நான் ஷெட்டில் நின்றேன். கைத்தொலைபேசி காற்சட்டைப் பைக்குள் நான்கு தரம் அதிர்ந்தது. ஒவ்வொரு தரமும் ஒரு வாடிக்கையாளருக்கு மிச்சக்காசை மிகக் கவனமாக எண்ணிக் கொடுத்தேன். ஐந்தாவது தரம் அது அதிரவில்லை. வேறு பெடியன்களும் போகவில்லை என்று பிறகு அறிந்தேன். நீங்கள் தனியே கூண்டில் நின்று, கடிதம் பறிபோனவனை எனக்குத் தெரியும், ஆனால் அவன் பெயர் சொல்லமாட்டேன் என்றீர்களாம். தோற்றவர்தான் இரண்டு பக்கச் செலவும் கட்டவேண்டும். உங்கள் வீடு போனது. கட்சி வேறு ஒருவரை வேட்பாளராக்கியது. அடுத்த கவுன்சில் தேர்தலில் உங்கள் பெயரே இல்லை. கோயிலில் வீட்டுக்காரருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கை தட்டினவர்களில் நானும் ஒருவன்.

பிறகு ஒரே ஒரு தரம்தான் உங்களைக் கண்டேன். எனக்கு விசா கிடைத்த கிழமை, குரோய்டனில் டிராமுக்குள். கூட்டத்துக்குள் ஒளியப் பார்த்தேன், நீங்கள் "தம்பி!" என்று கூப்பிட்டுவிட்டீர்கள். யாரோ ஒரு சோமாலியப் பெண்ணின் அலுவலாக வந்திருந்தீர்கள், கவுன்சிலராக இல்லாமலே. விசா கிடைத்தது என்று சொன்னேன். என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினீர்கள். அப்போதும் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, நீங்கள்தான் பேசினீர்கள்.

"என் லோயர் உனக்கு அழைப்பாணை அனுப்பச் சொன்னார். உன் கேஸ் குரோய்டனில் இருக்கும்போது எப்படி அனுப்புவது? விடு. எங்கள் ஊரிலும் முகத்துக்கு நேரே இல்லை என்று ஒருவனும் சொல்லமாட்டான். நான்தான் விளங்கியிருக்க வேண்டும்."

நீங்கள் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அடுத்த தரிப்பில் இறங்கிவிட்டேன். அது நான் இறங்கவேண்டிய இடமே இல்லை. அதன்பிறகு பதினெட்டு வருசம், ஒரு போன் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்வது என்று யோசித்து யோசித்தே காலம் போய்விட்டது. வெட்கத்துக்கு எவ்வளவு சோம்பல் இருக்கிறது பாருங்கள்.

உங்கள் செத்த வீட்டுக்கு வந்தேன். தேவாலயம் நிரம்பியிருந்தது, பஸ் ஓட்டினவர்கள், கட்டடக்காரர்கள், அந்தச் சோமாலியப் பெண்ணும் இருந்தாளோ என்னவோ. எங்கள் ஆட்கள் என்று பார்த்தால் நான் ஒருவன்தான். பிறகு மண்டபத்தில் தேநீர் கொடுத்தார்கள். உங்கள் மகள் என்னை அடையாளம் கண்டு வந்தாள். துண்டுப்பிரசுரம் மடிக்க வருகிற பெடியன் என்று சின்னவளாக இருந்தபோது கண்டிருக்கிறாள். ஓரமாகக் கூட்டிக்கொண்டுபோய்க் கேட்டாள்.

"நீங்கள் அந்த நேரம் அப்பாவோடு திரிந்தவர். உண்மையைச் சொல்லுங்கள். கடிதம் பறிபோன அப்படி ஒரு ஆள் இருந்தாரா?"

"இருந்தார்" என்றேன். பிறகு, "அது நான்தான்" என்றேன்.

சத்தம் போடுவாள் என்று நின்றேன். அவள் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"அம்மா கடைசிவரை நம்பவில்லை. இல்லாத ஒருவனுக்காக வீட்டை இழந்தாய் என்றே சொல்லிக்கொண்டிருந்து செத்துப்போனாள். அப்பா பெயர் சொல்லவேமாட்டார். இருக்கிறான், நல்ல பிள்ளை என்பார். அவ்வளவுதான்."

அந்த நல்ல பிள்ளையைத்தான் நான் இப்போது தூக்கிக்கொண்டு திரிகிறேன், அண்ணை. ஷிப்டிலும் கோயிலிலும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலும். சாட்சி சொல்லிவிட்டேன். அதைக் கேட்டிருக்கவேண்டிய நீங்களும் உங்கள் மனைவியும் மண்ணுக்குள் இருக்கிறீர்கள்.